மணிவிழா முடிந்து பாண்டியில் இரண்டு இரவு: பழைய வீட்டு ஹோட்டலில் எந்த அறை கேட்பது?

கெடிலக்கரை:
அப்பா அம்மாவுக்குத் தை மாதம் திருக்கடையூரில் சஷ்டியப்த பூர்த்தி. நட்சத்திரம் வெள்ளிக்கிழமை வருகிறது. ஹோமம் முடிந்ததும் காரில் நேராகப் பாண்டி, அங்கே இரண்டு இரவு அவர்கள் இருவர் மட்டும். எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஒயிட் டவுனில் (கடலோரப் பழைய வெள்ளையர் பகுதி) பிரெஞ்சு வீடு நல்லதா, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழ் வீடு நல்லதா? ஓர் இடத்தில் ‘300 வருட வீடு’ என்று போட்டிருக்கிறார்கள், மாடி அறையைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். வாடகை 7,400லிருந்து 9,000 வரை சொல்கிறார்கள்.

முத்தியால்பேட்டை:
முதலில் பாண்டி போகும் கிழமையை மாற்றுங்கள். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரை சென்னை, பெங்களூரு வண்டிகள் எல்லாம் இங்கேதான். வாடகையும் ஏறும், தெருவில் நள்ளிரவு வரை சத்தமும் இருக்கும். திருக்கடையூரிலிருந்து பாண்டி சுமார் 110 கி.மீ. விடியற்காலை எழுந்து, கலசாபிஷேகத்தில் நனைந்து, வந்தவர்களையெல்லாம் ஆசீர்வதித்துவிட்டு அந்தப் பயணம் அவர்களுக்கு வேண்டாத வேலை. பாதி வழிக்கு மேல் வந்தால் உங்கள் கடலூர் வீடே வந்துவிடுகிறது. அங்கே இறங்கி மூன்று நாள் ஓய்வெடுக்கட்டும். செவ்வாய் காலை கிளம்பினால் 22 கி.மீ.தான். செவ்வாய், புதன் இரவுகளுக்கு அதே அறை குறைந்த வாடகையில் கிடைக்க வாய்ப்பு அதிகம். பொங்கல் விடுமுறையையும் குடியரசு தினத்தை ஒட்டிய நாட்களையும் தவிருங்கள். மாசிக்குத் தள்ளினால் பிப்ரவரி 21 அரவிந்தர் ஆசிரமத்து அன்னை பிறந்தநாள், அங்கே தரிசன நாள். 28 ஆரோவில் தொடங்கிய நாள். அந்த வாரம் முழுக்க அறைக்குத் தட்டுப்பாடு.

வாடகையில் 7,500 என்பது ஒரு கோடு. ஒரு நாள் வாடகை அதுவரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18. 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770. 7,600 ரூபாய் அறை 8,968! இருநூறு ரூபாய் வித்தியாசம் பில்லில் ஆயிரத்து இருநூறாகிவிடும். 7,800 சொல்கிறவரிடம் வார நாள் என்று சொல்லி 7,500க்குள் கேட்டுப் பாருங்கள். அவருக்கு 300 குறையும், உங்களுக்கு 1,300க்கு மேல் மிச்சம்.

கார் விஷயம்: மாலை 6 முதல் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். ஒயிட் டவுனின் பல தெருக்கள் ஒருவழி, நிறுத்த இடமும் கிடையாது. மதியம் 3 மணிக்குள் வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோய்விடுங்கள்.

சுண்ணாம்புக்காரர்:
‘300 வருடம்’ என்பதை நம்ப வேண்டாம். 1761ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து வெள்ளையர் பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகுதான் திரும்பக் கட்டினார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் 1738 மாளிகை போல முந்தைய கட்டடம் மிக அரிது. 150 வருடம் என்று சொன்னால் பேசலாம். மஞ்சள் பெயின்ட், வளைவு, ஆத்தங்குடி கல் இவை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். படத்தில் ஜன்னல் ஓரத்தைப் பாருங்கள், சுவர் ஒன்றரை அடி கனமாவது தெரிய வேண்டும். அண்ணாந்து எடுத்த படம் கேளுங்கள். தேக்கு உத்தரங்களும் இடையில் சிறு செங்கல் அடுக்கும் இருந்தால் மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய காலக் கூரை, அசல்.

வீட்டைவிட அறைதான் முக்கியம். முழங்கால் வலிக்காரருக்கு மாடி வேண்டவே வேண்டாம். பழைய மரப்படி ஒவ்வொன்றும் 8, 9 அங்குல உயரம் இருக்கும், கைப்பிடி பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், லிப்ட் அபூர்வம். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் கெஞ்சும்.

ஆனால் தரைத்தள அறைக்கு ஓதம் ஒரு தொல்லை. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே ஆறவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, இடுப்பளவு உயரத்தில் உப்புப் பூத்துப் பொரியும், அறையில் பூஞ்சை வாசம் வரும். மழைக்காலம் முடிந்த கையோடு தை, அதனால் சுவர் இன்னும் முழுசாகக் காய்ந்திருக்காது. (கவனிக்காமல் விட்டால் மழை என்ன செய்யும் என்பதற்குக் கடற்கரையில் மேரி என்னும் பழைய நகராட்சிக் கட்டடமே சாட்சி, 2014 நவம்பரில் சரிந்து விழுந்தது. இப்போது நிற்பது புதிதாகக் கட்டியது.) சுவர் ஓரத்தில் கட்டில் தலைமாடு இருக்கும் இடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புதுசாகத் திட்டுத்திட்டாகப் பெயின்ட் அடித்திருந்தால் வேறு அறை.

போனில் இன்னும் சில கேளுங்கள். கட்டில் உயரம்: பழைய நான்கு கால் கட்டில்கள் மெத்தையோடு 28, 30 அங்குலம்கூட வரும், உங்கள் அப்பாவுக்கு 20 அங்குலம் போதும். குளியலறைக்குப் படி உண்டா: பிற்காலத்தில் குழாய் பதிக்கத் தரையை உயர்த்தியிருப்பார்கள், அரை அடிப் படி இரவில் காலை வாரிவிடும். ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா? 14 அடி உயர அறையில் 10 அடி அறையைவிடக் காற்று 40 சதவீதம் அதிகம், குளிர நேரமெடுக்கும். தையில் இரவுக்கு மின்விசிறியே போதும்.

பிரெஞ்சு வீடா, தமிழ் வீடா என்றால் என் ஓட்டு தமிழ் வீட்டுக்கு. திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் ஒரே தளத்தில், உட்கார்ந்து பேச ஆயிரம் இடம். வைசியாள் வீதிப் பக்கம் தேடுங்கள். அந்தத் தெருச் சீரமைப்புக்கு 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. பிரெஞ்சு வீட்டில் உயர்ந்த மதிலும் தோட்டமும் உண்டு, தெருவைப் பார்த்த திண்ணை இருக்காது. முற்றத்தை ஒட்டிய அறை என்றால் கதவுக்குக் கொசுவலை உண்டா என்று கேளுங்கள், உருளியில் பூ மிதக்கும் இடத்தில் கொசுவும் உண்டு. பெரிய வாய்க்காலைப் பார்த்த அம்பூர் சாலை, செஞ்சி சாலை அறைகள் வேண்டாம், நாற்றம் வரும்.

வடவம்:
சைவம் பற்றி யாருமே சொல்லவில்லையே. இந்த வீடுகளின் சமையலறை சிறியது, பெரும்பாலும் சொல்லி வைத்தால்தான் சமைப்பார்கள். ராத்திரி சாப்பாட்டை மதியம் 12க்குள் சொல்லுங்கள். ‘வெஜ்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். முட்டை, மீன், சூப்பில் இறைச்சிச் சாறு மூன்றும் கூடாது என்று பிரித்துச் சொல்லுங்கள். பகெத் என்னும் நீள ரொட்டியில் முட்டை இருக்காது, பிரியோஷ் என்னும் மெத்தென்ற ரொட்டியில் இருக்கும். தோசை போன்ற கிரெப்பின் மாவிலும் முட்டை உண்டு.

கெடிலக்கரை:
செவ்வாய்க்கு மாற்றுகிறேன், தரைத்தளம்தான். ஒரு சந்தேகம். பாரிஸிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வருகிறார்கள், இருவருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். பக்கத்து அறை அவர்களுக்கு. ஆதார் கிடையாது, சிக்கல் வருமா?

முத்தியால்பேட்டை:
சிக்கல் இல்லை தம்பி, பாண்டியில் பாதிக் குடும்பத்தில் இது நடப்பதுதான். பாஸ்போர்ட்டும் விசா அல்லது ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை) அட்டையும் அசலாகக் கையில் இருக்கட்டும், நகல் மட்டும் போதாது. 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை விடுதிக்காரர் ஆன்லைனில் பதிய வேண்டும். அறை எடுக்கும்போதே வெளிநாட்டு பாஸ்போர்ட் என்று சொல்லிவிடுங்கள், சில சின்ன வீடுகளுக்கு அந்தப் பதிவு வசதி இருக்காது.