எல்லா விளக்கும் பச்சை, ஃபேக்ஸ் மட்டும் போகல

எம்டிஎஃப் மாமா (சென்னை)

நேத்து ஒரு ஆபீஸ்ல பழைய டெலிபோன் ஸ்விட்சை, அதாவது ஆபீஸ் போன்களை ஒண்ணோட ஒண்ணும் வெளி லைனோடயும் இணைக்கற பெட்டியைக் கழட்டினாங்க. நார்ட்டெல் மெரிடியன், ஆப்ஷன் 11சி. பல வருஷம் நான் பார்த்துக்கிட்ட பெட்டி. ஐபி போன் வந்தாச்சு, இனி இது எதுக்குன்னு எடைக்குப் போட்டுட்டாங்க. பழைய இரும்புக்காரர் கார்டை ஒண்ணொண்ணா உருவி கோணியில போட்டுக்கிட்டே, "சார், இதுல தங்கம் இருக்குமாமே?"ன்னார். "ஓரத்துல பூச்சு இருக்கும், மூக்குத்திக்குக்கூடத் தேறாது"ன்னேன். வீட்டுக்கு வந்தும் மனசு அங்கேயே நிக்குது. அதான் எழுத உட்கார்ந்துட்டேன். விளக்கைப் பார்த்து ஏமாந்த கதை ரெண்டு சொல்றேன், உங்களோடதையும் போடுங்க.

முதல் கதை சிவப்பு. அப்ப நான் வேலைக்குப் புதுசு. ஒரு டிஜிட்டல் லைன் கார்டு அவுட்டு, பதினாறு எக்ஸ்டென்ஷன் மொத்தமா படுத்துடுச்சு. முறைப்படி டிஸேபிள் பண்ணிட்டு உருவி, கையோட கொண்டுபோன மாத்துக் கார்டைச் செருகினேன். முகப்புல இருக்கற சிவப்பு விளக்கு மூணு தடவை சிமிட்டிட்டு அப்படியே நின்னு எரியுது. சரி, இதுவும் அவுட்டுன்னு இன்னொண்ணு செருகினேன். அதுவும் மூணு சிமிட்டு, அப்புறம் நிலையா சிவப்பு. மூணாவது கார்டு கேட்டு ஸ்டோருக்குப் போன் போட்டா சீனியர் எடுத்தார்.

"எத்தனை தடவைடா சிமிட்டுச்சு?"

"மூணு சார்."

"மூணு சிமிட்டினா கார்டு பாஸ்டா. தன்னைத் தானே டெஸ்ட் பண்ணிக்கிட்டு, என்னை எப்ப உள்ள கூப்பிடுவீங்கன்னு வாசல்ல நிக்குது. நீ கூப்பிடவே இல்லையே!"

எல்டி 32க்குள்ள போய் எனேபிள் குடுத்தேன். சிவப்பு அணைஞ்சுது, டயல் டோன் வந்துச்சு. அந்த ஸ்விட்ச்ல லைன் கார்டுக்குப் பச்சை விளக்கே கிடையாது. விளக்கு எரியலன்னாதான் நல்ல சேதி. நம்ம வீட்ல விளக்கு அணைஞ்சா பதறுவோம், இதுல தலைகீழ்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். டெர்மினல்ல லாகின் பண்ணி உள்ள போனா எல்லா வேலையும் நம்பர் நம்பரா பிரிச்சு வெச்சிருப்பான், அதுக்குப் பேர் ஓவர்லே, எல்டின்னு அடிச்சு நம்பரைக் குடுத்தா உள்ள போகலாம். அனலாக் போனுக்கு எல்டி 10, டிஜிட்டல் போனுக்கு 11, கார்டுக்கு 32, பிஆர்ஐ லைனுக்கு (ஒரே லைன்ல பல பேச்சு போற டிஜிட்டல் இணைப்பு) 60, அதுல கால் சிக்னல் போற டி சேனலுக்கு 96, எல்லாத்தையும் சேவ் பண்ண 43. வெளிய வரணும்னா நாலு நட்சத்திரம் தட்டணும். கல்யாண நாள் மறந்து திட்டு வாங்கியிருக்கேன், இந்த நம்பர் ஒண்ணும் மறக்க மாட்டேங்குது.

ரெண்டாவது கதைதான் பெருசு. கரூர்ல ஒரு ஜவுளி ஏற்றுமதி கம்பெனி. ஒரு பிஆர்ஐ, முப்பது சேனல். பேச்செல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு, ஃபேக்ஸ் மட்டும் ரெண்டாவது பக்கத்துல அறுந்துடுது. பையர் இருக்கறது ஜெர்மனியில. ஆர்டர் ஷீட் பாதி வந்து நின்னா முதலாளிக்கு எப்படி இருக்கும்? மெஷினை மாத்தினார், பேப்பரை மாத்தினார், ஒரு தடவை ஃபேக்ஸ் அனுப்பற பொண்ணையே மாத்தினார்.

நான் போய் ஸ்விட்ச் முன்னாடி நின்னேன். அந்த பிஆர்ஐ கார்டு முகத்துல வரிசையா ஏழு விளக்கு. ஓஓஎஸ் சிவப்பா எரிஞ்சா கார்டு சர்வீஸ்ல இல்ல. ஏசிடி பச்சையா இருந்தா வேலை செய்யுது. ரெட்டுன்னு ஒண்ணு, எதிர்ப்பக்க சிக்னல் நமக்கு வரலன்னா எரியும். எல்லோன்னு ஒண்ணு, நம்ம சிக்னல் அவங்களுக்குப் போய்ச் சேரலன்னு அவங்க சொன்னா எரியும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு நம்ம பக்கத்து வயர் ஜோடியைத் தோண்டவேண்டிய இடத்துல அவங்க பக்கத்தைத் தோண்டினவங்க நிறைய பேர். மத்தது லூப்பேக் (சிக்னலைத் திருப்பி அனுப்பிப் பார்க்கற டெஸ்ட்), டி சேனல், அப்புறம் சிசி, அதாவது ஸ்விட்சோட தாளத்தைப் பார்த்துக்கற க்ளாக் கன்ட்ரோலர்.

அன்னிக்கு எரியவேண்டியது எல்லாம் பச்சை, அணைஞ்சிருக்கவேண்டியது எல்லாம் அணைஞ்சிருக்கு. லைன் குடுத்த ஆளுங்க டெஸ்டர் வெச்சுப் பார்த்து, எங்க பக்கம் சுத்தம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நானும் பச்சையைப் பார்த்துட்டு, ஃபேக்ஸ் மெஷின்தான் சார்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். குளித்தலை தாண்டினப்புறம்தான் உறுத்துச்சு. விளக்கைப் பார்த்தேனே, கேட்டேனா?

மறுநாள் திரும்பவும் போனேன். எல்டி 60, அதுல எல்சிஎன்டி. அலாரம் கவுன்ட்டர்களைக் கொட்டிக் காட்டற கமாண்ட். மத்ததெல்லாம் பூஜ்யம், ஸ்லிப் மட்டும் ஏறியிருக்கு. டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா இன்னும் ஏறியிருக்கு. அடுத்து க்ளாக்கைக் கேட்டேன், எஸ்எஸ்சிகே. பதில் வந்துச்சு பாருங்க: ஃப்ரீ ரன்.

சிசி விளக்கு பச்சையா நிலையா எரிஞ்சா ரெண்டு அர்த்தம். லைன்ல வர்ற க்ளாக்கோட ஒட்டி ஓடுதுன்னாலும் அதே பச்சை. யாரையும் மதிக்காம தன் இஷ்டத்துக்கு ஓடுதுன்னாலும் அதே பச்சை. பச்சை சிமிட்டினா, பிடிக்கப் பார்த்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பார்க்கறவன் கண்ணுக்கு சிமிட்டறதுதான் கோளாறு மாதிரி தெரியும், நிலையா எரியறது நல்லது மாதிரி தெரியும்.

ரெண்டு க்ளாக் ஒண்ணோட ஒண்ணு ஒட்டலன்னா என்ன ஆகும்? அந்த லைன்ல செகண்டுக்கு 8000 ஃப்ரேம் (எல்லாச் சேனலையும் ஒரு சுத்து அடுக்கின துண்டு) ஓடுது, ஒண்ணொண்ணும் 125 மைக்ரோசெகண்ட். நம்ம க்ளாக் அவங்களதைவிட பத்து லட்சத்துல ஒரு பங்கு பிசகினாப் போதும், 125 செகண்டுக்கு ஒரு தடவை ஒரு ஃப்ரேம் தொலையும், இல்ல ரெட்டையா வரும். அதுதான் ஸ்லிப். காதுக்கு அது தெரியாது, தெரிஞ்சாலும் ஒரு "டிக்"தான். ஃபேக்ஸுக்கு அது பள்ளத்துல விழுந்த சைக்கிள். முதல் பக்கம் அதிர்ஷ்டத்துல தப்பிச்சுடும், ரெண்டாவதுல மாட்டிக்கும்.

டிராக் பிரைமரி க்ளாக்னு கமாண்டைக் குடுத்தேன். சிசி சிமிட்ட ஆரம்பிச்சுது, கொஞ்ச நேரத்துல நிலைச்சுது. பார்க்கறதுக்கு முன்னாடி இருந்த அதே பச்சை! கவுன்ட்டரை அழிச்சுட்டு ராத்திரி லாட்ஜ்ல தங்கினேன். காலையில போய்க் கேட்டா ஸ்லிப் பூஜ்யம். பதினாலு பக்கம் ஃபேக்ஸ் ஒரே மூச்சுல போச்சு.

க்ளாக் ஏன் ஃப்ரீ ரன்ல இருந்துச்சுன்னா, ரெண்டு மாசம் முன்னாடி அந்த லைன் விட்டு விட்டு வந்தப்போ க்ளாக் தள்ளாடாம இருக்கட்டும்னு நான்தான் அப்படி விட்டேன். லைன் சரியானதும் திருப்பி வைக்க மறந்துட்டேன். முதலாளி அதைக் கேட்கல, நானும் சொல்லல. முதல் தடவையா இங்கதான் சொல்றேன்.

டெஃபினிட்டி தாத்தா

மாமா, நீங்க நார்ட்டெல் கட்சி, நாங்க அதுக்குப் போட்டி ஸ்விட்சான டெஃபினிட்டி கட்சி. ஒரே பெட்டிக்கு ஏடி அண்ட் டி ஸ்டிக்கர், 1996க்கு அப்புறம் லூசென்ட் ஸ்டிக்கர், 2000த்துக்கு அப்புறம் அவாயா ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தவன் நான். 2009ல உங்க நார்ட்டெல் நொடிச்சு, அதோட கம்பெனி போன் பிரிவையும் அவாயாவே வாங்கினப்போ எனக்கு ஒரே சிரிப்பு. இருபது வருஷம் சண்டை போட்ட ரெண்டு மருமகளும் ஒரே மாமியார் வீட்ல!

எங்க கார்டுல மூணு விளக்கு. சிவப்பு எரிஞ்சா கோளாறு. மஞ்சள் எரிஞ்சா கார்டு உபயோகத்துல இருக்கு. பச்சை எரிஞ்சா, நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல சாமி, டெஸ்ட் ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஒரு மருத்துவமனை மெயின்டனன்ஸ் மேனேஜர் எனக்குப் போன் பண்ணி, "சிவப்பு எரிஞ்சுது, இப்ப பச்சையும் வந்துடுச்சு, நீங்க வரவேண்டாம்"னார். ராத்திரியெல்லாம் நர்ஸ் ஸ்டேஷன் போன் வேலை செய்யல. காலையில திட்டு எனக்கு.

கமாண்ட் விஷயத்துல எங்களது வாக்கியம் மாதிரி இருக்கும். டிஸ்ப்ளே அலாரம்ஸ், ஸ்டேட்டஸ் ஸ்டேஷன், டெஸ்ட் போர்டுன்னு தட்டலாம். படிச்சாலே புரியும், அதுதான் ஆபத்தும். ஒரு தம்பி 01பி07 கார்டை பிஸி அவுட் (வேலையில இருந்து விலக்கி வைக்கறது) பண்ணவேண்டியவன் 01ஏ07ன்னு அடிச்சுட்டான். ஒரே ஒரு எழுத்து. பகல் பதினோரு மணி, கால் சென்டர், இருபத்துநாலு பேர் பேசிக்கிட்டு இருந்த கார்டு. ஹால் அப்படியே நிசப்தமாச்சுன்னு இன்னிக்கும் சொல்லுவான். பதறிப்போய் கார்டையே உருவப் போனான், நான் கையைப் பிடிச்சு ரிலீஸ் போர்டுன்னு அடிச்சேன். அன்னில இருந்து யாரா இருந்தாலும் என்டர் தட்டறதுக்கு முன்னாடி இடத்தைச் சத்தமா வாசிக்கணும். கேபினெட், கேரியர், ஸ்லாட். கோயில்ல அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் சொல்ற மாதிரி.

ரிசப்ஷன் அக்கா

நான் டெக்னீஷியன் இல்ல, பதினெட்டு வருஷம் போர்டு ஆபரேட்டர். உங்களை மாதிரி ஆளுங்களால பட்ட பாட்டைச் சொல்லணும்னுதான் எழுதறேன்.

என் கன்சோல்ல ஓரமா அலாரம்னு ஒரு சின்ன விளக்கு. ஒருநாள் எரிய ஆரம்பிச்சுது. உடனே சர்வீஸுக்குப் போன் பண்ணினேன். "மைனர்தான் மேடம், கண்டுக்காதீங்க, அடுத்த விசிட்ல பார்க்கறோம்." அடுத்த வாரமும் அதேதான். நாள் முழுக்க கண்ணுக்கு நேரா சிவப்பா குத்திக்கிட்டே இருந்தா எரிச்சலா வராது? ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விளக்கு மேல ஒட்டிட்டேன். மெரூன் கலர், பெரிய சைஸ்.

மூணு வாரம் கழிச்சு ராத்திரி கரன்ட் போய், ஜெனரேட்டரும் எடுக்காம, பேட்டரி தீர்ந்து ஸ்விட்ச் படுத்துடுச்சு. காலையில தானா எழுந்துச்சு. ஆனா ஒரு மாசத்துக்கு முந்தின நெனப்போட எழுந்துச்சு! நடுவுல எம்.டி. கேபின் மாறியிருந்தார், அவரோட பழைய ரூம் இப்ப ஸ்டோர் ரூம். பேங்க் மேனேஜர் எம்.டி. நம்பருக்குக் கூப்பிட்டா, ஸ்டோர்ல ஃபினாயில் எடுக்கப் போன பையன் எடுத்து "யாருங்க?"ன்னிருக்கான். புதுசா சேர்ந்த யாருக்கும் போனே இல்ல.

அந்த மைனர் என்னன்னு அப்புறம்தான் சொன்னாங்க. தினம் ராத்திரி டேப்ல சேவ் ஆகவேண்டியது ஆகவே இல்ல, அதைத்தான் அந்த விளக்கு சொல்லிக்கிட்டே இருந்துச்சாம். வந்த தம்பி பொட்டைப் பிரிச்சுப் பார்த்துட்டு என்னைப் பார்த்தான். "கண்டுக்காதீங்கன்னது நீங்கதானே"ன்னு கேட்டேன். ஒண்ணும் பேசாம டேப்பை மாத்திட்டுப் போனான்.

எம்டிஎஃப் மாமா

அக்கா, அந்தப் பொட்டுக்கு நான் எங்க இனத்து சார்பா மன்னிப்புக் கேட்டுக்கறேன். எங்க பக்கம் எல்டி 43 போட்டு டம்ப் எடுக்காம வீட்டுக்குப் போனாலும் இதே கதிதான். மாத்தினதெல்லாம் மெமரியில இருக்கும், ஸ்விட்ச் ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தா போச்சு.

நாஞ்சில் வயர்மேன்

பெரிய பெட்டிக் கதையா இருக்கு. நான் ரெண்டு லைன், எட்டு எக்ஸ்டென்ஷன் ஆளு. நாகர்கோவில் பக்கம் ஒரு லாட்ஜ். ஆறாம் நம்பர் ரூம் காலி, பூட்டிக் கிடக்கு. ராத்திரி பெட்டியில ஆறாம் போர்ட் விளக்கு மட்டும் எரியும். எங்க பெட்டியில போர்ட் விளக்கு எரிஞ்சா ரிசீவரைத் தூக்கியிருக்காங்கன்னு அர்த்தம். ராத்திரி டியூட்டிப் பையன் அந்த ரூமுக்குப் போகவே மாட்டேன்னுட்டான். பகல்ல போனா விளக்கு அணைஞ்சிருக்கும், போனும் நல்லாருக்கும். மூணு தடவை போய் சும்மா திரும்பினேன்.

நாலாவது தடவை மழை விட்ட விடியல்ல போனேன். எரியுது. ரூம்ல போனைக் கழட்டினேன், அப்பவும் எரியுது. மொட்டை மாடிக்கு ஏறினா, வயரை இழுத்த எவனோ நடுவுல முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தி, ஓட்டு மடிப்புல செருகியிருக்கான். டேப்புக்குள்ள தண்ணி. பெட்டியில இருந்து போற 48 வோல்ட் அந்த ஈரத்து வழியா சுத்தி வர, ரிசீவரைத் தூக்கிட்டாங்கன்னு பெட்டி நெனச்சுக்குது. வெயில் ஏறினா காயும், பேய் போயிடும். ஜாயின்டை வெட்டிட்டு முழு வயரா இழுத்தேன். அந்தப் பையன் மட்டும் இன்னும் நம்பல.

புதுசு

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஆபீஸ்ல எல்லாம் எஸ்ஐபி டிரங்க்தான், அதாவது ஐபி நெட்வொர்க் வழியா வர்ற போன் லைன். இங்கயும் பேச்சு நல்லாருக்கு, ஃபேக்ஸ் பாதியில நிக்குது. மாமா சொன்ன க்ளாக்கை எங்க போய்ப் பார்க்கறது?

எம்டிஎஃப் மாமா

தம்பி, டிரங்க் முழுக்க ஐபின்னா அந்த க்ளாக் கதை இங்க செல்லாது. கோடெக் (பேச்சை டேட்டாவா மாத்தற முறை) என்ன ஓடுதுன்னு முதல்ல பாருங்க. ஜி.729ஆ இருந்தா அது பேச்சுக்காக நசுக்கறது, ஃபேக்ஸ் டோனை உருத் தெரியாம ஆக்கிடும். ஃபேக்ஸ் இருக்கற அந்த ஒரு எக்ஸ்டென்ஷனை மட்டும் அப்படி நசுக்காத ஜி.711க்கு மாத்துங்க, ரெண்டு பக்கமும் டி.38 (ஐபியில ஃபேக்ஸுக்குன்னே இருக்கற முறை) ஒத்துக்கிட்டா அதைப் போடுங்க. ஸ்க்ரீன்ல டிரங்க் பச்சையா இருக்கறதை விட்டுட்டு, கால் ஓடும்போதே ட்ரேஸ் (லைன்ல போற வர்றதோட பதிவு) எடுத்துப் பாருங்க. என்ன வருதுன்னு இங்கயே போடுங்க.