மஞ்சக் கடுதாசி கொடுக்கும் முன்: சம்பளக் கணக்கு, அடகு நகை, வளவு வீட்டுப் பங்கு

கானாடுகாத்தான் வாசி கேட்டது:

வணக்கம். காரைக்குடியில் தனியார் கம்பெனி வேலை, சம்பளம் 31,000. கடன் விவரம் இது. சம்பளம் விழுற அதே வங்கியில் பர்சனல் லோன் 6.4 லட்சம், மாமா ஜாமீன் கையெழுத்து. அங்கேயே 6 பவுன் நகை அடகு, பாக்கி 2.1 லட்சம். வேற வங்கி கிரெடிட் கார்டு 1.8 லட்சம். வெளியில் புரோ நோட்டுக் கடன் 5 லட்சம், கூடவே கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் 2. பூர்வீக வளவு வீட்டில் (பங்காளிகளுக்குப் பொதுவான செட்டிநாட்டு வீடு) ஒரு புள்ளிக்கான, அதாவது ஒரு குடும்பத்துக்கான பங்கு இருக்கு, பாகம் பிரியலை. தவணை இதுவரை தவறலை, அடுத்த மாசம் முடியாது. ஐ.பி. (கடனைக் கட்ட முடியலைன்னு கோர்ட்டில் போடுற நொடிப்பு மனு, அதான் மஞ்சக் கடுதாசி) போடுறதா யோசனை. கணக்கை என்ன செய்யணும்? வீட்டுப் பங்கை அண்ணன் பேருக்கு விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக் கொடுக்கிற பத்திரம்) எழுதிட்டு மனு போடலாமா? மாமாவுக்கு என்ன ஆகும்?

செக்காலைத் தெரு:

கணக்கை மட்டும் சொல்றேன், கோர்ட் விஷயத்தை வக்கீல் தம்பி சொல்லட்டும்.

கடன் இருக்கிற வங்கியிலேயே சம்பளம் விழுந்தா, தவணை தவறின மாசமே அந்தக் கணக்கில் லீன் போடுவாங்க (பணத்தை எடுக்க முடியாம நிறுத்தி வைப்பாங்க), இல்லைன்னா பாக்கிக்கு நேரா ஈடு கட்டிக்குவாங்க. லோன் பத்திரத்திலேயே அதுக்கு நீங்க சம்மதம் கொடுத்திருப்பீங்க. கோர்ட் ஜப்தின்னா சட்டம் ஒரு வரம்பு வெச்சிருக்கு: முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூணில் ரெண்டு பங்கும் தொடக் கூடாது. உங்க 31,000-ல் 1,000 கழிச்சா 30,000, அதில் மாசம் 10,000 தான் பிடிக்கலாம். ஒரே தீர்ப்புக் கடனுக்கு மொத்தம் 24 மாசத்துக்கு மேல பிடிக்கவும் முடியாது. வங்கி தானா ஈடு கட்டும்போது இந்தக் கணக்கையெல்லாம் பார்க்குறதில்லை, மொத்தச் சம்பளமும் போயிடும்.

அதனால எந்தக் கடனும் இல்லாத வேற வங்கியில் சேமிப்புக் கணக்கு திறந்து, கம்பெனியில் எழுதிக் கொடுத்து அடுத்த சம்பளத்தை அங்க மாத்துங்க. கிரெடிட் கார்டு கொடுத்த வங்கியும் வேண்டாம். இது ஒளிக்கிறது ஆகாது. மனுவில் ரெண்டு கணக்கையும் காட்டணும், அவ்வளவுதான். பழைய கணக்கை மூடாதீங்க, 12 மாச ஸ்டேட்மென்டை இப்பவே எடுத்து வையுங்க. லீன் விழுந்த பிறகு ஆப் திறக்காம போனா அலையணும்.

ஆட்டோ டெபிட்டை அப்படியே விட்டுடாதீங்க. கணக்கில் காசில்லாம திரும்பினா ஒவ்வொரு தடவையும் அபராதமும் ஜிஎஸ்டியும் ஏறும். 2007-ம் வருஷப் பணப் பரிமாற்றச் சட்டம் 25-ம் பிரிவில், செக் வழக்கு மாதிரியே குற்ற வழக்கும் போடலாம். மேண்டேட்டை (ஆட்டோ டெபிட்டுக்குக் கொடுத்த அனுமதியை) ரத்து பண்ணச் சொல்லி எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்க. கடன் அப்படியேதான் இருக்கும், இந்தத் தொல்லை மட்டும் ஓயும்.

தேவகோட்டை வக்கீல்:

விடுதலைப் பத்திரம் எழுதவே எழுதாதீங்க. இந்தப் பக்கம் அடிக்கடி நடக்கிற தப்பு இதுதான்.

2016 திவால் சட்டத்தில் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்னவங்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கு. உங்களுக்கு இன்னும் 1920 மாகாண நொடிப்புச் சட்டம்தான். அதில் 53-ம் பிரிவு: ஐ.பி.க்கு முன் 2 வருஷத்துக்குள் உரிய விலையில்லாம சொத்தை மாத்தினா ரிசீவர் (உங்க சொத்தைப் பார்த்துக்கக் கோர்ட் போடுற அதிகாரி) அதை ரத்து பண்ண வைக்கலாம். 54-ம் பிரிவு: மனுவுக்கு முந்தின 3 மாசத்தில் வேண்டிய ஒருத்தருக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்துக் கடனைத் தீர்த்தா அதுவும் செல்லாது. அண்ணன் பேருக்கு எழுதினா பங்கும் நிக்காது, உங்க நேர்மை மேல சந்தேகம் வந்து கடனிலிருந்து கோர்ட் கொடுக்கிற விடுதலை உத்தரவும் கெட்டுப் போகும். சொத்தை மறைச்சா ஒரு வருஷம் வரை சிறை இருக்கு.

பாகம் பிரியாத பங்கைப் பத்தி ஒண்ணு சொல்லணும். வளவு வீட்டில் பத்து இருபது புள்ளி இருந்தா ஒரு புள்ளியோட பங்கை வெளியாள் வாங்க வரமாட்டான், பெரும்பாலும் பங்காளிகள்தான் வாங்குவாங்க. அதனால பங்கை மனுவின் சொத்துப் பட்டியலில் மதிப்போட காட்டி, நியாய விலைக்கு எடுத்துக்க அண்ணனுக்கு விருப்பம் இருந்தா ரிசீவர் மூலமா வாங்கச் சொல்லுங்க. வீடு குடும்பத்தை விட்டுப் போகாது, பத்திரமும் செல்லும்.

மனு உங்க எல்லைக்குரிய சார்பு நீதிமன்றத்தில். ஒவ்வொரு கடன் கொடுத்தவர் பேர், விலாசம், தொகை, எதுக்கு வாங்கினது, எல்லாம் வேணும். ஒருத்தர் விலாசம் தப்பா இருந்தாலும் நோட்டீஸ் திரும்பி வந்து வாய்தா இழுக்கும். மனு போட்ட அன்னைக்கே வழக்குகள் நிக்காது. நொடித்தவர்னு உத்தரவு வந்த பிறகுதான், கோர்ட் அனுமதி இல்லாம யாரும் புது வழக்குப் போட முடியாது. அந்த உத்தரவில் விடுதலைக்கு மனுச் செய்ய ஒரு கெடு இருக்கும். கெடுவைத் தவறவிட்டா உத்தரவே ரத்தாகி, கடன்கள் எல்லாம் திரும்ப உயிர் பெறும். நிறையப் பேர் இங்கதான் விழுறாங்க.

இன்னொண்ணு, ரூபாய்க்கு எட்டணா கணக்கு, அதாவது கடனில் பாதி. நகைக் கடன் நீங்கலா உங்க கடன் 13.2 லட்சம். பிரிச்சுக் கொடுக்கிற சொத்து 6.6 லட்சத்துக்குக் குறைஞ்சா, அது உங்க தப்பால வந்ததில்லைன்னு காட்டணும். இல்லாட்டி முழு விடுதலை கிடைக்காது.

மாமா தப்பிக்க மாட்டார். 44-ம் பிரிவு தெளிவா சொல்லுது, உங்களுக்குக் கிடைக்கிற விடுதலை ஜாமீன்தாரருக்குக் கிடையாது. 6.4 லட்சத்துக்கும் வங்கி நேரா அவர் வாசலுக்குத்தான் போகும். கையெழுத்துக்கு அவரைக் கூட்டிப் போன நீங்களே, மனுவுக்கு முன்னால போய்ச் சொல்லணும்.

கானாடுகாத்தான் வாசி:

நன்றி ஐயா. நகை என் வீட்டுக்காரங்களோடது (மனைவியோடது), கடை பில் அவங்க பேரில்தான். அடகு மட்டும் என் பேரில். அதை என்ன பண்றது? புரோ நோட்டுக்காரர் செக்கைப் போடுவேன்னு மிரட்டுறார்.

செக்காலைத் தெரு:

நகையைத் தவணை தவறுறதுக்குள்ள மீட்டுடுங்க. பர்சனல் லோன் வராக் கடனா மாறின பிறகு நகைக் கடனைக் கட்டப் போனா, "மத்தக் கடனுக்கும் சேர்த்துப் பிடிச்சு வெச்சிருக்கோம்"னு நகையைத் தர மறுப்பாங்க. ஒப்பந்தச் சட்டம் 171-ம் பிரிவு வங்கிக்கு அந்தப் பொதுப் பிடிமானத்தைக் கொடுக்குது. மீட்கிற பணத்தை வீட்டுக்காரங்களோ அவங்க அம்மா வீடோ தங்கள் கணக்கிலிருந்து கட்டட்டும். நகை அவங்க சொத்துங்கிறதுக்கு அதுவும் ஒரு சாட்சி. பில்லையும் கல்யாணப் போட்டோவையும் பத்திரமா வையுங்க.

தேவகோட்டை வக்கீல்:

கூடவே, நகை அடகில் இருந்ததையும் மீட்டதையும் மனுவில் தேதியோட எழுதுங்க.

செக் விஷயம் ஐ.பி.க்கு அடங்காது, அது குற்ற வழக்கு. செக் திரும்பின தகவல் வந்து 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் விடணும், பணம் கட்ட உங்களுக்கு 15 நாள் கெடு, அதுக்குப் பிறகு ஒரு மாசத்துக்குள் அவர் வழக்கு. வெற்றுச் செக்குன்னாலும் கையெழுத்து உங்களோடதுன்னா கடன் இருக்குன்னே கோர்ட் எடுத்துக்கும். அதனால நோட்டீஸ் வந்தா வாங்காம திருப்பாதீங்க. வாங்கின அசல் எவ்வளவு, கட்டின வட்டி எவ்வளவு, செக் எதுக்காகக் கொடுத்ததுன்னு பதில் நோட்டீஸ் போகணும். வட்டி மீட்டர் வட்டியா, தின வட்டியா இருந்தா 2003 கந்துவட்டித் தடைச் சட்டத்தில் போலீஸில் புகார் கொடுக்கலாம். ஜிபேயில் அனுப்பின வட்டிக் கணக்கை இன்னைக்கே டவுன்லோட் பண்ணுங்க.

உத்தரவு வந்த பிறகு விடுதலை கிடைக்கிற வரை, விஷயத்தைச் சொல்லாம யாரிடமும் 50 ரூபாய்கூடக் கடன் வாங்காதீங்க. பழைய சட்டம், தொகையும் பழசு. ஆனா 72-ம் பிரிவு இன்னைக்கும் உயிரோட இருக்கு.