இடிபாட்டு ஜல்லியில் சாலை அடித்தளம்: போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பழைய கான்கிரீட்டை உடைத்து அரைத்த ஜல்லியை, ஒரு சிறிய சாலையில் தாருக்குக் கீழே வரும் அடுக்கில் போட்டுக்கொண்டிருக்கிறோம். முதல் தலைவலி தண்ணீர்தான். ஒவ்வொரு கல்லிலும் பழைய சிமென்ட் கலவை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் சாம்பல் பொடியாக உதிர்கிறது. தண்ணீரைக் குடிப்பது இந்த ஒட்டுதான். புதுக் கருங்கல் ஜல்லி 1 சதவீதம் உறிஞ்சும் இடத்தில் இது 4, 5 சதவீதம் வரை உறிஞ்சுகிறது. ஆய்வகம் சொன்ன ஈரப்பதத்துக்குத் தெளித்து ரோலர் ஓட்டினால், பாதியிலேயே காய்ந்துபோய் அடர்த்தி வரமாட்டேன் என்கிறது. முந்தின நாளே நனைத்து வைப்பதா, ஓட்டும்போது கூடுதலாகத் தெளிப்பதா? நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

அப்புறம் ஜிப்சம். மரத்துண்டு, பிளாஸ்டிக் எல்லாம் சரி, கண்ணில் பட்டுவிடும். சுவரில் பூசியிருந்த ஜிப்சம் பூச்சுத் துண்டுகள் தப்பி உள்ளே போனால், அதிலுள்ள சல்ஃபேட் சிமென்ட்டோடு வினைபுரிந்து ஊதிப் பெருத்து, மேலே உள்ள தளத்தையே தூக்கிவிடும். இரண்டு பேரை உட்காரவைத்துப் பொறுக்குகிறோம், மாளவில்லை. வேறு வழி உண்டா?

செங்கல் துண்டு எவ்வளவு வரை விட்டீர்கள் என்றும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.