ஜிபிஎஸ் பனியனா, நாற்பது பக்க நோட்டா?

கௌதம்புரம் விங்கர்:
பெங்களூரு அல்சூரில் எங்கள் பையன்கள் கால்பந்து அணிக்குப் பழைய ஆட்டக்காரர் ஒருவர் பணம் தந்திருக்கிறார். ஆறு ஜிபிஎஸ் பனியன் வாங்கலாம் என்கிறேன் நான். முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவே சின்னப் பெட்டி இருக்கும். யார் எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் ஓடினான் என்று வந்துவிடும். கோச்சோ “பூட்ஸ் வாங்கு, போதும்” என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆஸ்டின் டவுன் ஸ்டாப்பர்:
தம்பி, கோச் சொல்வதைக் கேள். பெரிய லீக்குகளில் மிட்ஃபீல்டர் 90 நிமிடத்தில் 10 முதல் 13 கிலோமீட்டர் போவான். சரி, தெரிந்து என்ன பண்ணுவாய்? அதில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும்தான். ஒரு பிராக்டீஸ் மேட்சில் ஆளுக்கொரு வாட்ச் கட்டிப் பார்த்தோம். அதிகம் ஓடியிருந்தவன், பந்து போகும் பக்கமெல்லாம் பின்னாலேயே போனவன். அவனுக்கு இடம் பார்த்து நிற்கத் தெரியாது.

கௌதம்புரம் விங்கர்:
தூரத்தை மட்டும் யார் பார்க்கச் சொன்னது அண்ணா? மணிக்கு 19.8 கிலோமீட்டருக்கு மேல் போனால் வேக ஓட்டம், 25.2க்கு மேல் ஸ்பிரிண்ட் என்று பிரித்தே பார்க்கிறார்கள். 70 நிமிடத்துக்கு அப்புறம் வேக ஓட்டம் சரிந்தால் கால் காலி என்று தெரியும். லைனில் நின்று 11 பேரையும் கண்ணால் கணிக்க முடியுமா? 1976இல் ரெய்லி, தாமஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்து முதல் டிவிஷன் அணி ஒன்றை ஆராய்ந்தபோது, ஒரு மேட்சுக்கு ஒருவனை மட்டும் பார்த்து, டேப் ரெக்கார்டரில் பேசிப் பேசித்தான் பதிந்தார்கள். கிடைத்த சராசரி கிட்டத்தட்ட 8.7 கிலோமீட்டர்.

அல்சூர் கீப்பர்:
நடுவில் ஒரு வார்த்தை. கீப்பர் கணக்கு நாலு, அஞ்சு கிலோமீட்டரோடு முடிந்துவிடும். அப்போ நான் சும்மா நின்றேனா? விழுந்து எழுந்து மறுபடி விழுந்ததை மறுநாள் காலையில் இடுப்பைக் கேட்டால் சொல்லும்.

ஆஸ்டின் டவுன் ஸ்டாப்பர்:
அதேதான்! விங்கர் உள்ளே வெட்டும்போது நான் சடாரென நின்று திரும்ப வேண்டும். அந்த பிரேக்கில்தான் தொடை போகும். மீட்டர் கணக்கில் அது மூன்று, நான்குதான்.

கௌதம்புரம் விங்கர்:
பெட்டிக்குள் ஆக்சிலரோமீட்டரும் இருக்கிறது அண்ணா. நிற்பது, திரும்புவது, மோதுவது எல்லாம் பதியும்.

ஆஸ்டின் டவுன் ஸ்டாப்பர்:
பதியும், படிக்க ஆள்? மேட்ச் முடிந்து அரை மணி கழித்து, டீ குடிக்கும்போது ஒவ்வொருவனையும் தனியாகக் கேட்பேன்: பத்துக்கு எவ்வளவு கஷ்டம்? 7 என்றால் அதை ஆடிய 90 நிமிடத்தால் பெருக்கி 630 என்று எழுதுவேன். கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் கொண்டுவந்த முறை. நாற்பது பக்க நோட்டு போதும், கீப்பருக்கும் செல்லும்.

கௌதம்புரம் விங்கர்:
பையன்கள் பொய் சொல்வார்கள். கேட்கிறவரே அடுத்த மேட்சில் உட்கார வைத்துவிடுவார் என்ற பயம். எனக்கு 9 இருந்த நாளில் 5 என்று சொல்லியிருக்கிறேன். உங்களிடம்தான்.

ஆஸ்டின் டவுன் ஸ்டாப்பர்:
எந்த மேட்ச்?

கௌதம்புரம் விங்கர்:
மார்ச் மாதம், மண் கிரவுண்டு, மதியம் இரண்டு மணி. என் ஹாம்ஸ்ட்ரிங், பின்தொடைத் தசை, போனதே, அதற்கு முந்தின வாரம்.

டொம்லூர் பிசியோ:
அண்ணன் தம்பி சண்டையில் நுழைகிறேன். செய்த வேலை ஒன்று, அது உடம்பில் எவ்வளவு இறங்கியது என்பது வேறு. ஒரே ஓட்டத்தை மதிய வெயிலில் ஓடினால் இதயத் துடிப்பு ஏறும். பனியன் காட்டும் கிலோமீட்டர் மாறாது. அதனால் பனியன் இருந்தாலும் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் டீமை யார் எடுக்கிறாரோ அவர் கேட்கக் கூடாது.

ஆஸ்டின் டவுன் ஸ்டாப்பர்:
அந்த மேட்சில் உன் பெயருக்கு நேரே 450 என்றுதான் இருக்கிறது தம்பி. இப்போதுதான் நோட்டைப் புரட்டினேன். இனி கீப்பரையே எல்லோரிடமும் கேட்கச் சொல்கிறேன். பனியன் இரண்டு போதும், மாற்றி மாற்றிப் போடட்டும். ஆறு வேண்டாம்.

அல்சூர் கீப்பர்:
நான் கேட்கிறேன். மீதிப் பணத்தில் ஒரு ஜோடி கீப்பர் கிளவுஸ்.