ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்கு சின்ன நாய், எது வாங்கலாம்? (சென்னை, ரெண்டாவது மாடி)

பெரம்பூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, ரொம்ப நாளா நாய் வேணும்னு ஒரே நச்சரிப்பு, அவங்க அப்பா அரைப்பரீட்சைல மேத்ஸ்ல தொண்ணூறு எடு பாக்கலாம்னு சொல்லி வெச்சாரு, எடுத்துட்டா. இப்போ தப்பிக்க வழி இல்ல 😄 அவளுக்கு ஷிட்சு தான் வேணுமாம், ரீல்ஸ்ல தலைல கிளிப் போட்டு உக்காந்திருக்குமே அது. எனக்கு பக் புடிக்கும், ஹட்ச் விளம்பரத்துல வந்த நாய். வாடகை வீடு, லிஃப்ட் கிடையாது, குரைக்குதுன்னு அக்கம்பக்கத்துல கம்ப்ளெயின்ட் வராத வரைக்கும் ஓகேன்னு ஹவுஸ் ஓனர் சொல்லிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு போறோம், பொண்ணு ஸ்கூல் விட்டு வர நாலரை ஆகும், அது வரைக்கும் மாமியார் மட்டும்தான் வீட்ல. அவங்களுக்கு நாய் மேல வெறுப்பெல்லாம் இல்ல, பூஜை ரூம் பக்கம் வரக்கூடாது அவ்ளோதான், ஆனா மூட்டு வலி இருக்கு, கால்ல குறுக்க வந்து தட்டி விட்டுட்டா என்ன பண்றதுன்னு எனக்குதான் பயம். ஏசி ஒரு ரூம்லதான், ராத்திரி மட்டும் போடுவோம். பட்ஜெட் 15,000 வரைக்கும். எது செட் ஆகும்?

ஸ்பிட்ஸ்வீடு:
மேடம், ஷிட்சுவும் பக்கும் லிஸ்ட்ல இருந்தே எடுத்துருங்க. ரெண்டுமே மூக்கு சப்பையான நாய், நாய்க்கு நம்மள மாதிரி வேர்த்து சூடு இறங்காது, வாயத் தொறந்து மூச்சு வாங்கித்தான் இறக்கணும், அதுக்கு மூக்கும் தொண்டையும் ஃப்ரீயா இருக்கணும், இதுங்களுக்கு அதுதான் இல்ல. சென்னைல அக்னி நட்சத்திரத்துல பகல் பூரா ஏசி இல்லாம ஒரு பக் நாய வெச்சிருக்கிறது அதுக்கு பண்ற கொடுமை, மாடிப்படி ஏறி வந்தாலே கொர்ர் கொர்ர்னு இழுக்கும், அத பாத்து ஜனங்க க்யூட்னு வீடியோ எடுக்குறாங்க. 2024ல தமிழ்நாடு அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க கொள்கைலயே இந்த க்ளைமேட்டுக்கு ஆகாதுன்னு பக் பேர போட்டாங்க, அப்புறம் கென்னல் ஆளுங்க சண்டைக்கு வந்ததெல்லாம் தனி கதை.

ஷிட்சு முடி நிக்காம வளந்துகிட்டே இருக்கும், தினம் சீவலன்னா சிக்கு, மாசாமாசம் க்ரூமிங் செலவு தனி. கண்ணு வேற முட்டையா வெளிய நிக்கும், ஒரு முடி குத்தினாலே புண்ணாயிரும்.

எங்க வீட்ல எப்பவும் இந்தியன் ஸ்பிட்ஸ் தான். நம்மூர்ல காலங்காலமா பொமரேனியன்னு சொல்லி வளத்தது முக்காவாசி இதுதான். அஞ்சாறு கிலோ இருக்கும், நீள மூக்கு, தலைமுறை தலைமுறையா இந்த வெயில்லயே பொறந்து வளந்தது, தயிர்சாதம் போட்டாலும் தின்னும். பஞ்சாயத்து ஒண்ணே ஒண்ணு, குரைக்கும். காலிங்பெல், கொரியர்காரர், எதிர்வீட்டு பூனை, எல்லாத்துக்கும் கருத்து சொல்லும். குட்டிலயே பழக்கினா கொறையும், சுத்தமா நிக்காது, பொய் சொல்ல விரும்பல.

கெத்துப்பையன்:
ராஜபாளையம் வாங்குங்க, நம்ம மண்ணோட நாய். ஃபாரின் நாய்க்கு எதுக்கு காசு

ஸ்பிட்ஸ்வீடு:
@கெத்துப்பையன் தம்பி, அவங்க கேட்டது சின்ன நாய். ராஜபாளையம் எழுந்து நின்னா டைனிங் டேபிள் சாப்பாடு மூக்குக்கு நேரா இருக்கும். வேட்டைக்கு ஓடுற நாய ரெண்டாவது மாடில அடைச்சு வெச்சா சோஃபா மிச்சம் இருக்காது.

நாலுகால்:
அக்கா, எந்த ஜாதி நாய்ங்கிறத விட குட்டியா வளந்ததாங்கிறத முதல்ல யோசிங்க. சின்ன நாய்ங்க சாதாரணமா 12ல இருந்து 15 வருஷம் இருக்கும். பாப்பா இப்போ ஒன்பதாவது. நாலு வருஷத்துல காலேஜ், ஹாஸ்டல்னு கெளம்பிருவா, அப்போ நாய்க்கு நாலு வயசுதான் ஆகியிருக்கும். மீதி பத்து வருஷம் காலைல அஞ்சரைக்கு கீழ கூட்டிட்டு போகப் போறது நீங்களோ சாரோ தான். அதனால பொண்ணுக்கு புடிச்ச நாய்னு தேடாதீங்க, உங்க வீட்டுக்கு, முக்கியமா பகல் பூரா கூட இருக்கப்போற உங்க மாமியாருக்கு ஒத்து வர்ற நாயா பாருங்க.

அதனாலதான் குட்டி வேணாம்ங்கிறேன். ரெண்டு மாச குட்டி ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா உச்சா போகும், பல்லு மொளைக்கிற வரைக்கும் செருப்பு, சார்ஜர் ஒயர், பாட்டி புடவை ஓரம்னு எல்லாத்தையும் கடிக்கும், காலுக்குள்ளயே பூந்து ஓடும். மூட்டு வலி இருக்கிற பெரியவங்க தனியா இருக்கிற வீட்ல அது சரிப்படாது, கீழ விழுந்து இடுப்பு எலும்பு கிடும்புன்னு ஆயிட்டா நாயால வந்த வினைன்னு ஆயிரும். ரெண்டு மூணு வயசு ஆன நாயா எடுத்தீங்கன்னா குணம் என்னன்னு முன்னாடியே தெரியும், எவ்ளோ குரைக்கும், ஆள கண்டா பயப்படுமா, வெளிய போய்த்தான் ஒண்ணுக்கு போகுமா எல்லாம் கண்ணால பாத்துட்டு எடுக்கலாம்.

இந்த ஊர்ல வீடு மாத்துறோம், குழந்தை பொறந்திருக்கு, வெளிநாடு போறோம்னு நல்லா வளத்த நாய தத்து குடுக்குறவங்க நிறைய பேர். வேளச்சேரி ரோடு ப்ளூ கிராஸ் விலங்கு காப்பகத்துல கேட்டுப் பாருங்க, கைவிடப்பட்ட பொமரேனியன், ஷிட்சு, லாப்ரடார்னு வரும். தெருநாய் குட்டியும் இருக்கும், அதுவும் நல்ல நாய்தான், ஆனா வளந்தா 15 கிலோ பக்கம் வரும், நீங்க கேக்குற சைஸ் இல்ல.

விலை குடுத்துதான் வாங்குவேன்னா எட்டு வாரம் ஆகாத குட்டிய வாங்காதீங்க, 2017 நாய் விற்பனை விதிப்படி அத விக்கவே கூடாது. தாய் நாய காட்ட மாட்டேன்னு சொல்றவன்கிட்டயும் வேணாம். சந்தைல கூடைல வெச்சு விக்கிறது பாக்க பாவமாத்தான் இருக்கும், தூக்கிட்டு வந்துராதீங்க, நிறைய குட்டிக்கு பார்வோங்கிற வைரஸ் நோய் இருக்கும், ரத்த பேதி ஆகி ஒரு வாரம் ட்ரிப்ஸ்ல கெடக்கும், பொழைக்கிறது அது அதிர்ஷ்டம். முதல் நாய் அப்படி கண்ணு முன்னாடி போச்சுன்னா அந்த வயசு பிள்ளைங்க மறக்காது.

பெரம்பூர்வாசி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஹாஸ்டல் விஷயம் படிச்சதும் இவரு என்னை ஒரு மாதிரி பாக்குறாரு 😂 பக் ஆசைய விட்டுட்டேன். இன்னொரு விஷயம், பொண்ணுக்கு சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, இப்போ பனிக்காலத்துல மட்டும் எப்பவாவது வரும். முடி கொட்டாத நாயா வாங்கினா ஒண்ணும் ஆகாதுன்னு ஆபீஸ்ல ஒருத்தங்க சொன்னாங்க, ஷிட்சு, பூடில் அந்த மாதிரியாம். நெஜமா?

மருந்துச்சீட்டு:
சிஸ், இத முதல் போஸ்ட்லயே சொல்லியிருக்கணும். அலர்ஜி முடியால வர்றதில்ல, நாயோட எச்சில்லயும் தோல்ல இருந்து உதிர்ற பொடுகுலயும் இருக்கிற புரதத்தால வருது. முடி கொட்டாத நாய்க்கும் எச்சில் இருக்கு, தோல் இருக்கு. அலர்ஜியே வராத நாய்னு ஒண்ணு கிடையாது, அப்படி சொல்லி கூட காசு வாங்குறாங்க. முதல்ல பாப்பாவோட டாக்டர்கிட்ட கேளுங்க. அப்புறம் நாய் வளக்குற சொந்தக்காரங்க வீட்டுக்கு லீவுல நாலஞ்சு தடவை அனுப்புங்க, மடில வெச்சு வெளையாடட்டும், கண்ணு அரிக்குதா, ராத்திரி இருமல் வருதான்னு பாருங்க. வந்துச்சுன்னா இப்போ ஒரு நாள் அழுகையோட போயிரும், வீட்டுக்கு கூட்டிட்டு வந்து பேர் வெச்சப்புறம் திருப்பி குடுக்குறது இருக்கே, அது நாய்க்கும் கொடும அவளுக்கும் கொடும. ஒத்துக்கிச்சுன்னாலும் அவ படுக்கிற ரூமுக்குள்ள நாய விடாதீங்க, ஆரம்பத்துல இருந்தே.

ராயபுரம்ராஜா:
யாரும் லைசென்ஸ் பத்தி பேசல. சென்னை மாநகராட்சில நாய்க்கு லைசென்ஸ், மைக்ரோசிப் ரெண்டும் கட்டாயம், 2025ல இருந்து எடுக்கலன்னா 5,000 அபராதம்னு சொல்லிட்டாங்க. ஆன்லைன்ல போடலாம், ரேபிஸ் ஊசி போட்ட சர்டிபிகேட் கேப்பாங்க. பெரம்பூர்ல இருந்து வேப்பேரி வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரி பக்கம்தான், செலவு ரொம்ப கம்மி, க்யூ மட்டும் பெருசா இருக்கும், காலைல சீக்கிரம் போயிருங்க. ரேபிஸ் ஊசி மூணு மாசத்துல முதல் தடவை, அப்புறம் வருஷா வருஷம், வளந்த நாய் எடுத்தீங்கன்னா பழைய ஊசி புக்கு கேட்டு வாங்குங்க, புக்கு இல்லன்னா போடலன்னே வெச்சுக்கோங்க.

உண்ணி மறந்துராதீங்க. இங்க மாடில இருந்தாலும் ஏறும், சுவத்து இடுக்குல எல்லாம் இருக்கும். உண்ணி கடிச்சு டிக் ஃபீவர் வந்தா நாய் ரெண்டு நாள் சாப்பிடாம மூலைல படுக்கும், ஈறு வெளுத்துப் போகும், வெயில்னால டல்லா இருக்குன்னு விட்ராதீங்க. பொட்டை நாய்னா கருத்தடை ஆபரேஷன் பண்ணிருங்க, வயசானப்புறம் கர்ப்பப்பைல சீழ் வெச்சு திடீர்னு சீரியஸ் ஆகுறது நெறைய நடக்குது. அப்புறம் பாப்பாகிட்ட சொல்லி வைங்க, பாசத்துல சாக்லேட், திராட்சை, வெங்காயம் எதுவும் ஊட்டக்கூடாது, பாட்டி மீந்த கொழம்பு சாதம் வெக்கிறதும் கூடாது, அதுல வெங்காயம் பூண்டு இல்லாத கொழம்பு ஏது.

நாலுகால்:
அக்கா, வில்லிவாக்கத்துல எனக்கு தெரிஞ்ச குடும்பம் அடுத்த மாசம் துபாய் போறாங்க, மூணு வயசு ஸ்பிட்ஸ், பொட்டை, ஆபரேஷன் ஆயிருச்சு, ஊசி புக்கு இருக்கு. காசு எதுவும் கேக்கல, நல்ல வீடா இருந்தா போதும்ங்கிறாங்க. அங்கயும் ஒரு பாட்டி இருக்காங்க, அவங்க காலடிலதான் பகல் பூரா தூங்கும். வீசிங் டெஸ்ட்டும் அங்கயே ஆயிரும், சனி ஞாயிறு பாப்பாவ கூட்டிட்டு போய் உக்காருங்க, மாமியாரையும் கண்டிப்பா கூட்டிட்டு போங்க. வேணும்னா உள்பெட்டில நம்பர் தரேன்.

பெரம்பூர்வாசி:
குடுங்க ப்ளீஸ். டாக்டர்கிட்ட வெள்ளிக்கிழமை கேட்டுட்டு சனிக்கிழமை போறோம். கிளிப் போட முடியுமான்னு பொண்ணு கேக்குறா. மாமியார் கேக்கச் சொன்னாங்க, குக்கர் விசிலுக்கு குரைக்குமா? எங்க வீட்ல காலைல மூணு குக்கர் வெப்போம்.

நாலுகால்:
அனுப்பிட்டேன் அக்கா. கேட்டேன், குக்கருக்கு ஒண்ணும் பண்ணாதாம். மிக்ஸி போட்டா மட்டும் கட்டிலுக்கு அடில போயிருமாம்.