வெயில் பம்பு வேண்டாம், வெல்ல ஆலைக்கொட்டாயில் வைத்துப் பார்க்கலாம்

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

மோட்டார் இல்லாமல் வெயில் சூட்டிலேயே ஓடும் பம்பை நம்ம ஊர் வயலுக்கு வைக்க முடியுமா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அவர் சொல்வது ஃப்ளூயிடைன். 1969-இல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணுசக்தி ஆய்வகத்தில் காலின் வெஸ்ட் உருவாக்கியது.

யு வடிவக் குழாயில் பாதிக்குத் தண்ணீர். மேல்முனைகள் இரண்டையும் இன்னொரு குழாய் இணைக்கும், அதற்குள் காற்று. ஒரு முனைக்குச் சூடு கொடுத்து மறுமுனையைக் குளிர வைத்தால், தண்ணீர் ஆட ஆடக் காற்று சூட்டுப் பக்கமும் குளிர்ப் பக்கமும் மாறிமாறிப் போகும், அழுத்தம் ஏறி இறங்கும். அது இதோடு சேர்த்திருக்கும் மூன்றாவது குழாயில் உள்ள தண்ணீரைத் தள்ளி இழுக்கும். அங்கே இரண்டு ஒருவழி வால்வு போட்டால் பம்பு தயார். பிஸ்டனே தண்ணீர்தான், தேய்வதற்கு இரும்பு கிடையாது. ஆனால் குழாய்களின் நீளம் ஒத்துப்போக வேண்டும். ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவது போலத்தான், தாளம் தப்பினால் நின்றுவிடும்.

சரி, வயலுக்கு ஆகுமா? ஆகாது. எளிய எந்திரத்துக்கு நூற்றில் ஒரு பங்கு திறன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் நாளெல்லாம் விழும் வெயில் சுமார் 5 யூனிட். அதில் கிடைப்பது 0.05 யூனிட், 1,800 லிட்டரை 10 மீட்டர் ஏற்றலாம். அதே இடத்தில் சோலார் பேனலும் சாதாரண மோட்டாரும் வைத்தால் பல மடங்கு ஏறும். நம்ம போர்வெல்கள் இருக்கும் ஆழத்துக்கு இது எட்டவும் எட்டாது. உறிஞ்சி இழுப்பதற்கு இயற்கை வைத்த எல்லையே 10 மீட்டர்தான், நடைமுறையில் ஏழு வந்தால் பெரிது.

ஆனால் ஓமலூர்ப் பக்கத்து வெல்ல ஆலைகளை நினைத்துப் பாருங்கள். கொப்பரைக்கு அடியில் சக்கை எரிந்து, நல்ல சூடு புகைபோக்கி வழியாக வீணாகப் போகிறது. சூடு இலவசம் என்றால் குறைந்த திறன் பெரிய குறையில்லை. தரைத்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு மூன்று நான்கு மீட்டர் ஏற்றினால் போதும். கொப்பரை கழுவ, ஆட்கள் கைகால் கழுவ ஆகும். அடுப்பு எரியும் நேரத்தில்தான் அங்கே தண்ணீரும் வேண்டும். ஏறும் தண்ணீரையே குளிர்ப்பக்கம் சுற்றிவிட்டால் குளிரவைக்கும் வேலையும் முடிந்தது.

சூட்டுப் பக்கம் செம்புக் குழாய், மற்றதெல்லாம் பிவிசி. பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு நல்ல புராஜெக்ட். குழாய்ச் செலவைச் சங்கம் ஏற்கலாம் என்பது என் விருப்பம். ஆலை வைத்திருக்கும் உறவுக்காரர் யாருக்காவது இருந்தால், கொப்பரை கொதிக்கும்போது புகைபோக்கி அடியில் எத்தனை டிகிரி இருக்கிறது என்று அளக்கச் சொல்லி இங்கே எழுதுங்கள். அப்புறம் குழாய் நீளத்தை நான் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.