புதுப்பிப்பு: சிக்ஸ்த் ஃபார்ம் உள்ள அரசுப் பள்ளி, கடைசியில் எப்படி முடிவெடுத்தோம்

இங்கிலாந்தில் மகளை ஏழாம் ஆண்டில் (இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பு) சேர்க்க, சிக்ஸ்த் ஃபார்மும் (16 முதல் 18 வயது வரையிலான கடைசி இரண்டு ஆண்டுப் படிப்பு) உள்ள அரசுப் பள்ளியை எப்படி எடைபோடுவது என்று போன செப்டம்பரில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஆஃப்ஸ்டெட் (பள்ளிகளைச் சோதித்து மதிப்பிடும் அரசு அமைப்பு) அறிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியவில்லை. 2024 செப்டம்பரிலிருந்து ஒட்டுமொத்தமாக ஒரே சொல்லில் தரம் கொடுப்பதும் நின்றுவிட்டது. "சாதாரண வேலை நாளில் போய்ப் பாருங்கள், பன்னிரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பேசுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. ஓபன் ஈவினிங்கில் (பெற்றோருக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டும் மாலை) எல்லாப் பள்ளியும் கல்யாண வீடு மாதிரிதான் இருக்கிறது!

எதிர்பாராதது ஒன்று: அதே பள்ளியில் படித்தாலும் சிக்ஸ்த் ஃபார்ம் இடம் தானாக வராது. ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு) மதிப்பெண் நிபந்தனை உள்ளே இருப்பவருக்கும் வெளியிலிருந்து வருபவருக்கும் ஒன்றே. ஒரு பள்ளியில் ஏ லெவல் (சிக்ஸ்த் ஃபார்மில் படிக்கும் படிப்பு) கணிதத்துக்கு ஜிசிஎஸ்இ-யில் 7 (அதிகபட்சம் 9) கேட்டார்கள். அப்புறம், அக்டோபர் 31-க்குள் விண்ணப்பித்தோம். மார்ச்சில் முதல் விருப்பமே கிடைத்தது.